இமாம் கஸ்ஸாலியின் ‘அல்முன்கித்’: துறவின் கதையா?

படித்தவர் சிலராகவும் கதையறிந்தவர் பலராகவும் இருக்கும் நூல்கள் சில உண்டு. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ஐம்பது வயதைக் கடந்தபின் அரபியில் இயற்றிய ‘அல்முன்கித் மினள்ளலால்’ அத்தகைய நூல். ‘வழிகேட்டினின்று மீட்பது’ என்பது அப்பெயரின் பொருள். அதன் கதையை நம்மில் கேளாதார் குறைவு. பக்தாத் மாநகரில் பெரும்பதவி வகித்த பேரறிஞர் ஒருவர் உலகின் நிலையாமையை உணர்ந்தார். பட்டம், பதவி, பொருள் யாவற்றையும் உதறினார். ஊர் ஊராய் அலைந்தார். இறுதியில் இறைவனின் திருமுன்னில் மனநிறைவு கண்டார். மார்க்க மேடைகளில் இக்கதை சொல்லப்பெறும்போது அவையோர் கண்கலங்குவதுண்டு. வீடு திரும்பியதும் மறுநாள் கடை திறக்கும் நினைவு வரும். அவர்கள் இமாம், அவர்களால் ஆயிற்று, நம்மால் ஆகுமா என்று ஒரு பெருமூச்சோடு கதையை மூடி வைத்து விடுகிறோம்.

அந்தப் பெருமூச்சு, நூலைப் படியாமையால் வருவது. மேடைக் கதை பொய்யன்று; ஆயினும் நூல் அழுத்தம் கொடுத்துச் சொல்லும் செய்தி அதுவன்று. உலகத்தை விட்டவர்க்கு நிறைவு கூலியாகக் கிடைத்தது என்று இமாமவர்கள் எங்கும் எழுதவில்லை. தாம் யார் முன்னிலையில் வாழ்கிறோம் என்ற கேள்வியே நூலின் உயிர்நாடி. மக்கள் முன்னிலை, அல்லாஹ்வின் முன்னிலை என்னும் இரண்டிற்கும் இடையே ஒரு நெஞ்சம் இழுபட்ட வரலாறு இது. இவ்வாறு படிக்கும்போது நூலின் பல இடங்கள் புதுப்பொருள் தருகின்றன. சில இடங்களில் நூலாசிரியரின் மௌனமும் கண்ணில் படுகிறது.

பின்னணியைச் சுருங்கக் காண்போம். கி.பி. 1058இல் குராஸானின் தூஸ் நகரில் பிறந்த இமாமவர்களை 1091இல் ஸல்ஜூக் பேரரசின் வஸீர் நிஜாமுல் முல்க், பக்தாத் நிஜாமிய்யா மதரஸாவின் பேராசிரியராக நியமித்தார். அன்றைய இஸ்லாமிய உலகில் ஓர் ஆலிம் அடையக்கூடிய உயர்ந்த இருக்கைகளுள் அதுவும் ஒன்று. முந்நூறு மாணவர்க்குத் தாம் பாடம் நடத்தி வந்ததாக நூலிலேயே குறிப்பிடுகிறார்கள். அவர்கள் பக்தாதினுள் நுழைந்தபோது அணிந்திருந்த ஆடையையும் ஏறி வந்த வாகனத்தையும் 500 தீனார் என மதிப்பிட்டோம் என்று அந்நகரத்து அறிஞர் ஒருவர் நினைவுகூர்ந்ததை இப்னுல் ஜவ்ஸீ தம் வரலாற்று நூலில் பதிந்துள்ளார். துறவுக்குப்பின் அவர்கள் மீண்டும் அந்நகருக்கு வந்தபோது உடுத்தியிருந்த ஆடையின் மதிப்பு 15 கீராத்தாம்; ஒரு தீனாருக்கும் குறைவான தொகை. இரு முறையும் ஆடைக்கு விலை போட்டுப் பார்த்த அந்த ஊரின் கண்கள்தாம் இமாமவர்களின் நோய்க்கு இடமாக இருந்தவை என்று சொன்னால் தவறாகாது.

நோய் என்று நான் சொல்வது அணியன்று. ஹிஜ்ரி 488, ரஜப் மாதத்தில், அதாவது 1095ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், இமாமவர்களுக்கு நாக்கு எழாமற் போயிற்று. அதற்குச் சிலகாலம் முன்பிருந்தே உள்ளே போராட்டம். தாம் கற்பிக்கும் கல்வியின் நோக்கம் என்ன என்று தம்மையே அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். அல்லாஹ்வுக்காக என்று நெஞ்சறிய விடையளிக்க இயலவில்லை. பெயரும் புகழும் பரவ வேண்டும் என்ற வேட்கையே அதை இயக்குகிறது என்று கண்டு, இடிந்து விழவிருக்கும் கரையின் விளிம்பில் நிற்பதாக அஞ்சினார்கள். காலையில் மறுமையின் நாட்டம் தூயதாக எழும். மாலைக்குள் ஆசைகளின் படை வந்து அதைக் கலைத்துவிடும். ஈமானின் குரல் புறப்படு என்று விரட்டும். ஷைத்தானின் குரலோ, இது வந்து போகும் மனநிலை; இந்த நிம்மதியான பதவியை விட்டுவிட்டால் பின்னர் ஏங்குவாய், திரும்பக் கிடைக்காது என்று சொல்லும்.

ஷைத்தானின் வாயில் எத்தனை அறிவார்ந்த பேச்சை இமாமவர்கள் வைத்திருக்கிறார்கள், பாருங்கள்! தீமை செய் என்று அவன் சொல்லவில்லை. அவசரப்படாதே என்கிறான். நம் வீட்டுப் பெரியவர்கள் அன்போடு சொல்லும் அறிவுரையைப் போலவே அது ஒலிக்கிறது. இத்தகைய நுட்பத்தை வெறும் உபதேச நூல்களில் காண முடியாது. தன்னைத் தானே விசாரணைக் கூண்டில் நிறுத்திய ஒருவர்க்கே இது கைவரும்.

பிறகு நாக்கு பூட்டிக்கொண்டது. வந்து காத்திருக்கும் மாணவர்களின் மனம் நோகாதிருக்கவேனும் ஒருநாள் பாடம் நடத்தலாம் என முயன்றும் ஒரு சொல் எழவில்லை. அதனால் உள்ளத்தில் துயர் மூண்டது. உணவும் நீரும் செல்லவில்லை. நோயின் வேர் உடலில் இல்லை, உள்ளத்திலிருந்தே உடலுக்கு இறங்கியிருக்கிறது, மருந்தால் ஆவது ஒன்றுமில்லை என்று மருத்துவர்கள் கைவிட்டனர். இத்தடுமாற்றம் ஏறத்தாழ ஆறு மாதம் நீடித்தது என்கிறார்கள். ஆனால் பக்தாதை விட்டுப் புறப்பட்டது அதே ஆண்டின் துல்கஅதா மாதத்தில் என்று நூலின் பிற்பகுதியில் அவர்களே எழுதுவதால், கணக்குப் பார்த்தால் அதிகம் போனால் ஐந்து மாதமே வருகிறது. எழுத்துப் பிழை என்று இதைத் தள்ள எனக்கு மனமில்லை. துயரத்தின் மாதங்கள் நாட்காட்டியின் மாதங்களைவிட நீளமானவை.

கவனிக்க வேண்டியது, முடங்கிய உறுப்பு எது என்பது. கையோ காலோ அன்று, நாவு. மக்கள் முன்னிலையில் அவர்களை உயர்த்தியிருந்த கருவி அதுதான். அதுவும் எப்போது எழ மறுத்தது? பிறர் மனம் குளிரப் பேச வேண்டும் என்று முயன்றபோது. இறைவன் இந்த அடியாரிடமிருந்து முதலில் எடுத்துக்கொண்டது பொருளையன்று, அவையை எடுத்துக்கொண்டான். பொருளைத் துறப்பது அவர்களுக்கு அத்துணைக் கடினமாக இருந்ததாகத் தெரியவில்லை. கையிலிருந்ததைப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு, பிள்ளைகளின் வாழ்வுக்குப் போதுமான அளவை மட்டும் வைத்துக்கொண்டதாக ஓரிரு வாக்கியங்களில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். ஈராக்கின் செல்வம் பொதுநலனுக்காக வக்ஃபு செய்யப்பெற்றது, ஓர் ஆலிம் தம் குடும்பத்துக்காக அதனினும் நல்ல வருவாயைப் பெற முடியாது என்ற விளக்கமும் உண்டு. மனைவி மக்களைத் தெருவில் விட்டுச் சென்ற துறவன்று இது. மேடைக் கதையில் இந்த வாக்கியம் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. குடும்பத்தோடு வாழும் நமக்கோ இதுவே முதலில் தெரிய வேண்டிய செய்தி.

புறப்பட்ட விதத்தையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். மக்காவுக்குச் செல்வதாக வெளியே சொல்லிக்கொண்டு, உள்ளே ஷாம் நாட்டுக்குச் செல்லத் திட்டமிட்டிருந்தார்கள். கலீஃபாவும் நண்பர்களும் தடுத்துவிடக்கூடாதே என்பது காரணம். ஈராக்கின் ஆலிம்கள் இதைப் புரிந்துகொள்ளவில்லையாம். இத்தகைய பதவியைத் துறப்பதற்கு மார்க்கக் காரணம் இருக்கக்கூடும் என்று அவர்களுள் எவர்க்கும் தோன்றவில்லை. அவர்கள் அறிவில் மார்க்கத்தின் உச்சப் பதவியே அதுதான் என்று மெல்லிய கசப்போடு எழுதுகிறார்கள். நூலில் நகைச்சுவை என்று சொல்லத்தக்க ஒரே இடம் இது எனலாம்.

இங்கே ஒரு மௌனத்தைச் சுட்டியாக வேண்டும். 1092இல் நிஜாமுல் முல்க் கொலையுண்டார். அடுத்த சில வாரங்களில் சுல்தான் மலிக்ஷாவும் காலமானார். அரியணைக்கு உறவினரிடையே போர் மூண்டது. பாதினிய்யாக்களைக் கண்டித்து, கலீஃபா முஸ்தள்ஹிர் பெயரால் இமாமவர்கள் நூலெழுதியிருந்தார்கள். இவற்றையெல்லாம் வைத்து, அரசியல் அச்சமே அவர்களை வெளியேற்றியது என வாதிட்ட ஆராய்ச்சியாளர்களும் உளர். நூலோ, தொலைவிலிருந்த சிலர் அவ்வாறு ஐயுற்றனர் என்று மட்டும் சொல்லிக் கடந்துவிடுகிறது. ஆதரித்த வஸீரின் கொலை அவர்கள் உள்ளத்தை ஒன்றும் செய்யவில்லை என்று நம்புவது கடினம். ஓர் அதிகார மாளிகை ஒரே ஆண்டில் சரிந்ததைக் கண்ணால் கண்டவர்க்கு நிலையாமை நூலறிவாக மட்டும் இருந்திராது. இதைச் சொல்லியிருந்தால் நூல் குறைந்துபோயிராது, இன்னும் நெருக்கமாகியிருக்கும் என்பது என் கருத்து. ஆனால் அச்சம் மட்டுமே காரணம் என்ற வாதமும் நிற்காது. அஞ்சி ஓடுபவர் வேறோர் அரசரின் அவையில் புகலிடம் தேடுவார். பள்ளிவாசலின் மினாராவில் ஏறிக் கதவைத் தாழிட்டுக்கொள்ள மாட்டார்.

திமிஷ்கில் அவர்கள் செய்தது அதுவே. ஏறக்குறைய ஈராண்டுகள் ஷாமில் தங்கி, பெரும்பள்ளியின் மினாராவில் பகல் முழுதும் தனித்திருந்தார்கள். பின்னர் பைத்துல் முகத்தஸ் சென்று, நாள்தோறும் அந்தப் புனிதப் பாறையின் குப்பாவினுள் தாழிட்டுக்கொண்டார்கள். கலீல் நகரில் நபி இப்ராஹீம் (அலை) அவர்களின் அடக்கவிடத்தைத் தரிசித்து, ஹிஜாஸ் சென்று மக்காவையும் மதீனாவையும் கண்டார்கள். இத்தனை பயணமும் நூலில் ஒரு பத்தி அளவே. வேறு எழுத்தாளராயின் இங்கேதான் ஏட்டை நிரப்பியிருப்பார்!

அடுத்து வரும் வாக்கியங்களே இந்நூலின் திறவுகோல் என்று கருதுகிறேன். பிள்ளைகளின் அழைப்பு அவர்களைத் தாயகத்துக்கு ஈர்த்தது. திரும்பவே கூடாது என்றிருந்தவர்கள் திரும்பினார்கள். ஊரிலும் தனிமையை நாடினார்கள். ஆனால் காலத்தின் நிகழ்ச்சிகளும், குடும்பக் காரியங்களும், வாழ்க்கைத் தேவைகளும் வந்து தனிமையின் தெளிவைக் கலைத்தன. தூய நிலை இடையிடையே மட்டும் கிட்டியது. ஆயினும் நம்பிக்கையை விடவில்லை, தடைகள் தள்ளத் தள்ள மீண்டும் அதன்பால் சென்றுகொண்டிருந்தேன் என்னும் கருத்துப்பட எழுதுகிறார்கள். இப்படியே பத்தாண்டுகள்.

கதை கேட்டுப் பெருமூச்செறிவோர் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் என்று உலகம் போற்றும் அப்பெரியாருக்கே இறைவனின் திருமுன் என்பது ஒருமுறை நுழைந்து நிரந்தரமாகக் குடியிருக்கும் மாளிகையாக வாய்க்கவில்லை. விட்டு விட்டு வந்தது. குழந்தை அழுதது, செலவு வந்தது, காலம் கெட்டது, கலைந்தது, மீண்டும் அமர்ந்தார்கள். தொழுகையில் நின்றுகொண்டே அடுப்பையும் கணக்கையும் நினைத்துவிட்டு, தக்பீரில் மறுபடி மனத்தை இழுத்து வரும் எளிய மூமினுடைய அனுபவத்துக்கும் இதற்கும் அளவில் வேறுபாடு உண்டு, வகையில் இல்லை. ‘அர்ரஃது’ அத்தியாயத்தின் 28ஆம் வசனம் உள்ளத்தின் அமைதியை இறைநினைவோடு இணைக்கிறது. தனிமையோடோ ஊர்விட்டு ஊர் செல்வதோடோ இணைக்கவில்லை என்பதையும் உடன் எண்ணிப் பார்க்கலாம்.

அத்தனிமையில் கண்டது என்ன? இங்கும் இமாமவர்கள் ஏமாற்றமே தருகிறார்கள் என்று சொல்லத் தோன்றும். எண்ணி உரைக்க இயலாதவை வெளிப்பட்டன என்று கூறி, ஒரு பழைய ஈரடிப் பாடலைத் தந்துவிட்டு மேலே செல்கிறார்கள். அப்பாடல் யாருடையது? அப்பாஸிய அரச குடும்பத்தவரும், அரபு அணியிலக்கணத்துக்கு முதல் நூல் கண்டவரும், 908இல் ஒரே நாள் கலீஃபாவாக இருந்து கொல்லப்பட்டவருமான இப்னுல் முஃதஸ்ஸுடையது. இரவில் காதலரைச் சந்தித்ததையும் மது அருந்தியதையும் பாடும் கவிதையின் இறுதியில், அந்தரங்கத்தைச் சொல்ல மறுத்து நழுவும் அடிகள் அவை. அல்லாஹ்வின் திருமுன்னில் பெற்ற அனுபவத்துக்கு உவமை தேடிய ஓர் இமாம் இந்த வரிகளை ஏன் எடுத்தார்கள்? வியப்பாக இருக்கிறது. ஆழ்ந்து நோக்கின் பொருத்தமாகவும் இருக்கிறது. தனித்திருந்த இருவர்க்கிடையே நிகழ்ந்ததை மூன்றாமவர்க்குச் சொல்வது காதலிலும் பண்பன்று. புகழுக்காகப் பேசிப் பேசி நோயுற்ற நா, தன் வாழ்வின் மிகப் பெரிய செய்தியை அவைக்குக் கொண்டுவர மறுக்கிறது. பக்தாதில் அது கட்டாயத்தால் வந்த மௌனம். இது மனமுவந்து காத்த மௌனம். நோய் தீர்ந்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டா.

சொல்லாமல் விட்டாலும், அறிவுக்கும் அனுபவத்துக்கும் உள்ள தொலைவை அவர்கள் விளக்கும் முறை மறக்கவொண்ணாதது. ஆரோக்கியத்தின் இலக்கணத்தை அறிந்திருப்பது வேறு, ஆரோக்கியமாயிருப்பது வேறு. நோயுற்ற மருத்துவர்க்கு இலக்கணம் தெரியும், மருந்தும் தெரியும், ஆரோக்கியம் இல்லை. போதையேறியவனுக்கோ போதையின் இலக்கணம் தெரியாது, போதை மட்டும் இருக்கிறது. அபூதாலிப் மக்கீயின் ‘கூத்துல் குலூப்’ முதலிய நூல்களையும், முஹாஸிபீ, ஜுனைத் ஆகியோர் விட்டுச்சென்ற எழுத்துக்களையும் படித்து முடித்தபின்னும் எஞ்சி நின்றது ‘தவ்க்’ எனப்படும் சுவைத்தறிதல் ஒன்றே எனக் கண்டார்கள். நோயாளி மருத்துவர் என்ற உவமையில், மருத்துவர்களே கைவிட்ட அந்த நோயாளியின் நிழல் விழுந்திருப்பதை உணராதிருக்க முடியவில்லை.

நூல் முழுதும் இந்த உயரத்திலேயே நிற்கிறது என்று சொல்ல மாட்டேன். பாதினிய்யாக்களை மறுக்கும் பகுதியில் நடை தளர்கிறது. தாம் முன்னரே எழுதிய நூல்களின் பெயர்களை அடுக்கி, அங்கே காண்க என்று அனுப்பிவிடுகிறார்கள். பழைய வாதப் பேராசிரியர் அங்கே எட்டிப் பார்க்கிறார்.

ஹிஜ்ரி 499, துல்கஅதா மாதம், அதாவது 1106இல், நிஜாமுல் முல்க்கின் மகனும் வஸீருமான ஃபக்ருல் முல்க்கின் காலத்தில், அரச கட்டளைக்கிணங்க நைஸாபூரின் நிஜாமிய்யாவில் மீண்டும் ஆசிரியராக அமர்ந்தார்கள். துறந்ததும் துல்கஅதா, திரும்பியதும் துல்கஅதா. இடையில் பதினொரு ஆண்டுகள். இந்த ஒற்றுமையை அவர்களே சுட்டுகிறார்கள். அப்படியானால் துறவு தோற்றதா? கல்விக்குத் திரும்பினேனாயினும் நான் திரும்பவில்லை என்பது அவர்கள் தரும் விளக்கத்தின் சாரம். முன்பு புகழைப் பெற்றுத் தரும் கல்வியைச் சொல்லாலும் செயலாலும் கற்பித்தார்களாம். இப்போது புகழை விடச் செய்யும் கல்வியைக் கற்பிக்கிறார்களாம். இருக்கை அதே வகை இருக்கை, எதிரே மாணவர்களும் உண்டு, முன்னிலை மாறிவிட்டது.

இதை ஐயமின்றி ஏற்பதா என்று கேட்போரும் இருக்கலாம். கேட்கத்தான் வேண்டும். கலீல் நகரில் நபி இப்ராஹீம் (அலை) அவர்களின் அடக்கவிடத்தில், அரசரிடம் பொருள் பெறுவதில்லை, அரசவைக்குச் செல்வதில்லை, வாதப்போர் புரிவதில்லை என மூன்று உறுதிகள் எடுத்ததாக இமாமவர்களின் பாரசீகக் கடிதம் ஒன்று கூறுகிறது. ‘அல்முன்கித்’ அந்நகரைக் குறிப்பிடுகிறதே தவிர, உறுதிமொழியைக் குறிப்பிடவில்லை. அரசு நடத்தும் மதரஸாவில் அமர்ந்துகொண்டு எழுதும்போது அதை நினைவூட்டத் தயங்கினார்களோ என்னவோ. மாறாக, உள்ளம் தெளிந்த பெரியோர்களைக் கலந்ததையும், ஸாலிஹீன்கள் கண்ட கனவுகளையும், ஒவ்வொரு நூற்றாண்டின் தலைப்பிலும் மார்க்கத்தைப் புதுப்பிப்பவர் அனுப்பப்படுவார் என்ற நபிமொழியையும் துணைக்கழைக்கிறார்கள். அடுத்த நூற்றாண்டு பிறக்கவிருந்த வேளை அது. புகழ் நாட்டத்தை இத்தனை நுட்பமாகக் கண்டறிந்தவர்கள், நூற்றாண்டைப் புதுப்பிப்பவர் என்ற எண்ணத்தினுள்ளே அது ஒளிந்திருக்குமோ என்று கேட்டுக்கொள்ளவில்லையே என்ற குறை படிப்பவர்க்கு எழும். என் அளவில் இந்நூலின் பலவீனமான பக்கங்கள் இவை.

ஆயினும் நூலுக்கு வெளியே ஒரு சாட்சி நமக்குக் கிடைத்திருக்கிறார். நைஸாபூரின் வரலாற்றாசிரியர் அப்துல் காஃபிர் ஃபாரிஸீ இமாமவர்களை இரு காலத்திலும் நேரில் அறிந்தவர். முதற்காலத்தில் அவர்களிடம் கண்ட செருக்கையும் பிறரை இழிவாக நோக்கும் பாங்கையும் ஒளிக்காமல் எழுதியவர். பிற்காலத்தில் கண்ட பணிவை முதலில் அவர் நம்பவில்லை. வலிந்து பூண்ட வேடம் என்றே எண்ணினார். பலமுறை சென்று பார்த்துச் சோதித்தபின்னரே, தாம் எண்ணியதற்கு மாறாக இம்மனிதர் உண்மையில் பித்தம் தெளிந்தவர் போல் மாறியிருக்கிறார் என்று ஒப்புக்கொண்டார். நண்பர்களின் புகழுரையைவிட ஐயுற்றவரின் இந்த ஒப்புதலுக்கு எடை மிகுதி.

‘இஹ்யா உலூமித்தீன்’ அந்தப் பத்தாண்டு அலைச்சலின் விளைச்சல். அதன் பகுதிகள் தமிழிலும் வந்து நம் இல்லங்களில் இடம்பெற்றுள்ளன. நாற்பது பிரிவுகள் கொண்ட அதில், அன்பு, ஏக்கம், நெருக்கம், ‘ரிளா’ எனும் பொருந்திக்கொள்ளுதல் ஆகியவற்றைப் பேசும் பிரிவு 36ஆவது. உண்ணும் முறை 11ஆவது, திருமணம் 12ஆவது, சம்பாத்தியம் 13ஆவது. பதுக்கல், கள்ள நாணயம் செலுத்துதல் ஆகியவற்றைக் கண்டிக்கும் பக்கங்கள் சம்பாத்தியப் பிரிவில் உள்ளன. சமையற்கட்டையும் கடைத்தெருவையும் கடந்து வந்தே வாசகர் ‘ரிளா’வை அடைகிறார். அங்கும், துன்பம் நீங்கத் துஆச் செய்வது ரிளாவுக்கு முரணன்று என்று தனித்தலைப்பிட்டு விளக்குகிறார்கள். நோயுற்ற குழந்தைக்காக இரவெல்லாம் கையேந்தும் தாய் இறைவிதியைப் பொருந்திக்கொள்ளாதவள் என்று எவரும் சொல்லிவிட வழியில்லை. அல்முன்கித் சொல்லாமல் விட்ட நிறைவை அறிய விரும்புவோர் இந்த 36ஆம் பிரிவை அதனுடன் சேர்த்தே படித்தல் வேண்டும்.

ஃபக்ருல் முல்க்கும் தந்தையைப் போலவே, இமாமவர்கள் நைஸாபூர் வந்த சில மாதங்களில், 1106இல், கொலையுண்டார். இமாமவர்கள் பின்னர் அப்பதவியையும் விட்டுத் தூஸுக்கே திரும்பினார்கள். வீட்டருகே மாணவர்க்கு ஒரு மதரஸாவும் சூஃபிகளுக்கு ஒரு தங்குமிடமும் அமைத்து, குர்ஆன் ஓதுவதற்கும், உள்ளமுடையோருடன் அமர்வதற்கும், பாடம் நடத்துவதற்கும் தம் பொழுதைப் பங்கிட்டுக்கொண்டதாக அப்துல் காஃபிர் எழுதுகிறார். இறுதி நாள்களில் புகாரீ, முஸ்லிம் ஆகிய ஹதீஸ் நூல்களைக் கற்பதில் ஈடுபட்டார்களாம். ஆயிரமாயிரம் பேர்க்குக் கற்பித்தவர்கள் மீண்டும் மாணவராக அமர்ந்தார்கள். 1111 டிசம்பரில் மறைந்தபோது பெண்மக்களையே விட்டுச் சென்றார்கள். குடும்பத்துக்குப் போதிய பொருள் இருந்தது என்றும், அதற்குமேல் பிறர் கொணர்ந்து கொடுத்ததை அவர்கள் பெற்றுக்கொள்ளவில்லை என்றும் அவர் குறித்து வைத்திருக்கிறார்.